உறைபனி பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பனிச்சரிவு பயம் தேவையா?

கேள்வி: டிசம்பர் 4, 2025

நாங்கள் நாலு பேர், ஊட்டி, குன்னூர்க்காரர்கள். ஜனவரிக் கடைசியில் உத்தராகண்ட் போகிறோம். சாங்க்ரி கிராமத்திலிருந்து ஒரு ஏஜென்சி குழுவோடு கேதார்கந்தா சிகரம். அது முடிந்ததும் குழுவை விட்டுப் பிரிந்து, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஹர் கி தூன் பக்கம் மூன்று நாள். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் மைனஸ் டிகிரி பார்த்தவர்கள் நாங்கள், குளிர் ஒரு பொருட்டில்லை. மழைக்கால மண்சரிவும் பழகியதுதான். பனிச்சரிவு என்பது எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கவலை, நடந்து போய் வருகிறவர்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

டிசம்பர் 4, இரவு

சரியில்லை.

எவரெஸ்ட் வரை போகவே வேண்டாம். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையோரம் பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். வண்டியில் வந்து இறங்கிப் பனியில் விளையாடிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் அவர்கள். பதின்மூன்றாம் மைல் வரைக்கும்தான் அனுமதி, ஆட்கள் பதினைந்தாம் மைல் வரை போய்விடுகிறார்கள் என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு மேலே மாணாவில் சாலைப் பணியாளர் முகாம் மாட்டிக்கொண்டது. 54 பேர் சிக்கி, எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் எந்தச் சிகரமும் ஏறப் போகவில்லை, முகாமில் இருந்தார்கள்.

கேதார்கந்தாவின் வழக்கமான பாதை பெரும்பாலும் காட்டுக்குள்ளும் முகட்டின் மேலும் போகிறது. அதிலும் பார்த்து நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் இரண்டாவது திட்டம்தான். ஹர் கி தூன் ஒரு பள்ளத்தாக்கு. ஆற்றை ஒட்டி நடப்பீர்கள். காலடியில் கிட்டத்தட்ட சமதளம், தலைக்கு மேலே பெரிய சரிவு. அந்தச் சரிவில் என்ன கிடக்கிறது, எப்போதிலிருந்து கிடக்கிறது என்று கீழே நடக்கிற ஆளுக்குத் தெரியாது.

குளிர் தாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

டிசம்பர் 5

நீலகிரியில் வளர்ந்தவனுக்கு மலையைப் பற்றி ஒரு அறிவு தானாக வந்துவிடுகிறது. மழை வலுத்தால் பயப்படு, மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் நிம்மதியாக இரு. பர்லியாறு வழியாகக் கீழே இறங்குகிற யாருமே இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை இமயமலைக்கு எடுத்துப் போனால் அது நேர் எதிராக வேலை செய்யும். நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இரண்டு நாள் விடாமல் பனி கொட்டுகிறது. எல்லோரும் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். மூன்றாம் நாள் விடிகிறது. மேகமே இல்லாத நீல வானம், காற்று இல்லை, மலை முழுக்கப் புதுப் பனி. கிளம்புடா என்று மனசு அடித்துக்கொள்ளும். பனிச்சரிவுக் கணக்கில் மிக மோசமான நாட்களில் அது ஒன்று. புதிதாக விழுந்த பாரம் இன்னும் கீழே இருக்கிற பனியோடு ஒட்டிக்கொள்ளவில்லை. ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டர் அளவுக்குப் பனி விழுந்திருந்தால் அடுத்த ஓரிரு நாள் சரிவுகளின் மேலும் கீழும் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. நம் ஊரில் மண் சரிவதற்கு நாம் அதன் மேல் நடப்பது காரணமாவதில்லை. தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணின் பிடிப்பைக் கழற்றுகிறது. நாம் அந்த நேரத்தில் அங்கே இருந்தோமா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. பனிப்பாளம், அதாவது சரிவின் மேல் பலகை போல இறுகிக் கிடக்கிற பனி அடுக்கு, அப்படி இல்லை. பனிச்சரிவில் சிக்கி இறக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான். பாளம் அதுவரை அமைதியாகக் கிடந்திருக்கும். ஒரு ஆளின் எடை போதும். சில நேரம் அவன் நிற்கிற இடத்துக்கு ஐம்பது அடி தள்ளி, மேலே வெட்டிக்கொண்டு வரும்.

அதனால் "அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருந்தால் போதும்" என்பது பாதி பதில்தான். நீங்கள் அங்கே போவதே அதைக் கிளப்பலாம்.

டிசம்பர் 5, மாலை

கோத்தகிரி அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: நம் ஊரிலும் மழை விட்ட பிறகு சரிந்த இடங்கள் உண்டு, 2009 நவம்பரை மறந்துவிடக்கூடாது என்று. அது உண்மை. அந்த நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஊறிப்போன மண் உடனே காய்ந்துவிடாது, மழை நின்ற மறுநாளும் சரியலாம். அண்ணன் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நம் ஊரில் மழை அளவு ஒரு எச்சரிக்கையாவது கொடுக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, மலை இறங்கப்போகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இமயமலையில் அந்த எச்சரிக்கை பனிக்குள் புதைந்து கிடக்கிறது. அதைத்தான் அடுத்து எழுத வேண்டும்.

டிசம்பர் 7, காலை

இன்று விடிவதற்குள் தலைக்குந்தா போய்விட்டேன். இதை எழுதுவதற்கு முன் நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நேற்று இரவு மேகம் இல்லை, காற்றும் இல்லை. புல்வெளியின் பள்ளமான பகுதி முழுக்க வெள்ளை. பத்தடி மேலே மேட்டில் ஒன்றுமே இல்லை, ஈரம்கூட இல்லை. யூகலிப்டஸ் மரத்தடியில் இல்லை. நீரோடைக்குப் பக்கத்தில் கனமாக இருந்தது. முட்டி போட்டுக் குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். புல்லின் விளிம்பு நெடுகச் சின்னச் சின்னத் தகடுகள், இறகு மாதிரி வரி போட்டவை, எல்லாம் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன. விரல் நுனி பட்டதும் ஓசையில்லாமல் படுத்துவிட்டன. ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கவில்லை. வெயில் வந்ததும் எல்லாம் போய்விட்டது, பக்கத்துக் கேரட் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் போட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது இதையே இமயமலையில் வையுங்கள். புல்லுக்குப் பதில், கீழே பழைய பனி. அதே தெளிந்த இரவு, அதே காற்றில்லாத பள்ளம், அதே ஓடைக்கரை. பனியின் மேற்பரப்பில் அதே இறகுத் தகடுகள் முளைக்கின்றன, இங்கே விட இன்னும் பெரிதாக. அங்கே நிழல் சரிவுகளில் வெயிலே எட்டாது, கழுவிவிட ஆளும் இல்லை. நாலைந்து இரவு வளர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் காற்றில்லாமல் மெதுவாகப் புதுப் பனி விழுந்து அவற்றை அப்படியே மூடிவிடுகிறது.

மேலே இறுகிய பாளம், அடியில் நிமிர்ந்து நிற்கும் தகடுகள். சீட்டுகளை வரிசையாக நிமிர்த்தி வைத்து அதன் மேல் பலகையைப் போட்டது போல. ஒரு இடத்தில் சாய்ந்தால் மொத்தமும் சாயும். வாரக்கணக்கில் அது அப்படியே உயிரோடு இருக்கும். மேலே பார்த்தால் வழவழப்பான வெள்ளைச் சரிவு, அவ்வளவுதான்.

உறைபனி எங்களுக்குப் பழக்கம் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். அந்தப் பழக்கத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். எந்த இரவில் விழும், எந்தப் பள்ளத்தில் தங்கும், எங்கே தங்காது என்று உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சமவெளியிலிருந்து வருகிறவனுக்கு இது படமாகக்கூட மனசில் வராது. சாங்க்ரி போன பிறகு உள்ளூர்க்காரர்களிடம் கேட்கலாம்: கடைசிப் பனிப்பொழிவுக்கு முன்னால் எத்தனை நாள் தெளிவாக இருந்தது, இரவில் காற்று இருந்ததா என்று.

டிசம்பர் 8

"அப்படியானால் உறைபனி இல்லாத வருடம் பயமில்லையா?" இல்லை. மோசமான அடுக்கு உருவாக வேறு வழிகளும் இருக்கின்றன.

குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாக விழுந்து, அப்புறம் வாரக்கணக்கில் வானம் தெளிவாக இருந்தால் கவனிக்க வேண்டும். தரை கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் இருக்கும், மேலே காற்று மைனஸ் பதினைந்து. நடுவில் ஒரு முழம் பனி. அந்த வித்தியாசத்தில் உள்ளே இருக்கிற நீராவி மேல்நோக்கி நகர்ந்து, அடிப்பனி கரடுமுரடான மணிகளாக மாறுகிறது. கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி கொட்டும், உருண்டை பிடிக்க வராது. ஜனவரியில் மேற்கத்திய இடையூறுகள், அதாவது மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டு வருகிற வானிலைச் சுழற்சிகள், வந்து அந்த அடித்தளத்தின் மேல் ஒரே வாரத்தில் பெரிய பாரத்தை ஏற்றிவிடும். நீங்கள் போகிற மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. பனி விழாவிட்டாலும் காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி முகட்டைத் தாண்டி மறுபக்கம் கொட்டும். காற்றுமறைவான அந்தப் பக்கத்தில் சில மணி நேரத்தில் பாளம் கட்டிவிடும். முகட்டின் விளிம்பில் பனி மீசை மாதிரி வெளியே தொங்கினால் அதன் அடிப்பக்கம்தான் பாரம் ஏறிய சரிவு. வானிலை அறிக்கையில் "பனிப்பொழிவு இல்லை" என்று இருப்பதால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

பனியே சொல்லும் அறிகுறிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது காலடியில் "உம்ப்" என்று அடங்கிய ஒரு சத்தம், அதோடு சுற்றியிருக்கிற பனி ஒரு இஞ்ச் இறங்கின உணர்வு. காலிலிருந்து விரிசல் ஓடுவது. எதிர்மலையில் அன்றைக்கே புதிதாகச் சரிந்த தடம். இதில் ஒன்று இருந்தாலும் அந்த மாதிரிச் சரிவுகளை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். பேச்சுக்கே இடமில்லை.

டிசம்பர் 10

சாய்வைப் பற்றிக் கேட்டிருந்த தம்பிக்கு.

பாளமாகச் சரிகிற பனி பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் புறப்படும். 38 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம். 25-க்குக் கீழே அபூர்வம். 45-க்கு மேல் மிகச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். கெட்ட சேதி என்னவென்றால், ஏற ஜோராக இருக்கிற, சறுக்கி விளையாடத் தோன்றுகிற சரிவுகள் எல்லாம் சரியாக அந்த 30-45-க்குள்தான் வருகின்றன.

கண்ணை நம்பாதீர்கள். குன்னூர் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அளக்க வைத்திருக்கிறேன். நின்று பார்த்து ஐம்பது டிகிரி என்று சொல்வார்கள், அளந்தால் முப்பது கூட வராது. கீழே நின்று பார்த்தால் ஒரு மாதிரி, மேலே நின்று பார்த்தால் ஒரு மாதிரி. மலையேற்றக் கைத்தடியைச் சரிவின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் போனை வைத்தால் சாய்வு காட்டும் ஆப் டிகிரியைச் சொல்லிவிடும். கிளம்புவதற்குள் நாலு பேரும் இதைப் பழகுங்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் போதும். 30 டிகிரி கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று மனசில் பதிந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த மலையிலும் உதவும்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள். நீங்கள் நிற்கிற இடத்தின் சாய்வு மட்டும் முக்கியமில்லை. மேலே 38 டிகிரிச் சரிவு இருந்து நீங்கள் பத்து டிகிரியில் நடந்தாலும் அங்கே புறப்படுகிற பனி உங்களிடம்தான் வரும். குறுகலான ஓடைப் பள்ளம் என்றால் சின்னப் பனிச்சரிவே ஆழமாக மூடிவிடும்.

மரங்களையும் பாருங்கள். தேவதாருக் காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாத நீளப் பட்டை. அல்லது மரங்களில் மேல்மலைப் பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்திருப்பது. அது பனி வழக்கமாக இறங்குகிற வழி. நம் ஆட்கள் சோலையையும் புல்வெளியையும் பார்த்தே இடம் சொல்கிறவர்கள், இதுவும் கண்ணில் படும்.

டிசம்பர் 11

வெலிங்டனில் இருந்து ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "2016 சியாச்சினை எழுதுங்கள்."

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனில்தான் இருக்கிறது. குன்னூர் போகும்போதெல்லாம் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறோம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் ராணுவக் காவல்நிலையில், சுமார் 19,600 அடி உயரத்தில், அந்த ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்துபோனார்கள். நம் வேலூர், மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். நாடே அவருக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார்.

அவர்களுக்குப் போகாமல் இருக்கிற வாய்ப்பு கிடையாது. நமக்கு அது முழுதாக இருக்கிறது. லீவு எடுத்து, பணம் கட்டி, ஆசைக்குப் போகிறோம். திரும்பி வருவதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. இதைத் தவிர இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 13

கருவிகள். இந்தக் கேள்விதான் எல்லோரிடமிருந்தும் வருகிறது.

பீக்கன் என்று சொல்கிற சிறு ரேடியோக் கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பி, புதைந்தவர் இருக்கிற இடத்தைக் காட்டுவது. பனிக்குள் குத்தி ஆளைத் தேட, மடக்கி நீட்டும் புரோப் கம்பி. உலோகத் தகடு வைத்த மடக்கு மண்வெட்டி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு செட் என்பது பிரயோஜனமில்லை. மண்வெட்டி வைத்திருப்பவனே புதைந்துபோனால் கையால் தோண்ட முடியாது. சரிந்து நின்ற பனி சில நொடிகளில் இறுகிவிடும். உள்ளே இருக்கிறவனால் விரலைக்கூட மடக்க முடியாது.

நேரக் கணக்கைப் பாருங்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர். மூச்சு விட்ட காற்றே முகத்தைச் சுற்றித் தங்கி மூச்சு முட்டுகிறது. சாங்க்ரியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசியுங்கள். பக்கத்தில் நிற்கிற மூன்று பேர்தான் மீட்புக் குழு. வேறு யாரும் இல்லை.

மாட்டிக்கொண்டால்: கத்திச் சொல்லுங்கள், கைத்தடியை விடுங்கள், பாளத்தின் ஓரத்துக்குப் போகப் பாருங்கள். வேகம் குறைவது தெரிந்ததும் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். வெளியே நிற்கிறவர்கள் கடைசியாக ஆளைப் பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராக, மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. பையின் இடுப்புப் பட்டையையும் கைத்தடி வாரையும் கழற்றிவிட்டு.

குல்மார்க்கில் ஸ்கீ செய்கிறவர்களுக்கு இவை வாடகைக்குக் கிடைக்கின்றன. சாங்க்ரியில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

டிசம்பர் 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் "அப்படியானால் செட் வாங்கிவிடுகிறோம், பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். இது என்னைத் தூங்க விடவில்லை.

கருவி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சரிந்த பிறகு உதவுவது. பாறையிலோ மரத்திலோ மோதிச் சாகிறவர்களும் உண்டு, அவர்களுக்குப் பீக்கன் ஒன்றும் செய்யாது. கையில் கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் இல்லாதபோது போகாத சரிவுக்குப் போனால் வாங்காமலே இருந்திருக்கலாம். அதோடு, பெட்டியிலிருந்து எடுத்து நேராக மலைக்குக் கொண்டுபோவது வீண். அவலாஞ்சி ரோட்டோரப் புல்வெளியில் ஒருவர் பீக்கனை ஒளித்து வைத்து, மற்றவர்கள் கடிகாரம் வைத்துத் தேடிப் பழகுங்கள். தேடும்போது போன் பக்கத்தில் இருந்தால் சிக்னல் குழம்பும், அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

மனுஷ விஷயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் உத்தராகண்டில் ஒரு குளிர்கால மலைநடைக்குப் போனோம். நடத்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சிகரத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு நன்றாகப் பனி கொட்டியது, காற்றும் இருந்தது. குழுத் தலைவரிடம் மேல் சரிவைப் பற்றிக் கேட்டேன். "இங்கே அதெல்லாம் வராது சார், இத்தனை வருடமாகக் கூட்டிப் போகிறோம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் முகாமில் தங்கிவிட்டோம். மற்றவர்கள் போனார்கள், உச்சியில் போட்டோ எடுத்தார்கள், நல்லபடியாகத் திரும்பினார்கள். இரவுச் சாப்பாட்டில் எங்களைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்றைக்கு எங்கள் முடிவு சரி என்றுதான் இன்றும் சொல்கிறேன். அன்றைக்குப் பனி சரியவில்லை என்பது, அந்தச் சரிவு பத்திரமானது என்பதற்குச் சாட்சி ஆகாது. அந்தத் தலைவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த வருடங்களில் உண்மையாகவே ஒன்றும் நடந்திருக்காது. பனி அப்படித்தான் பழக்கிவிடுகிறது: தப்பான முடிவுக்கும் பல தடவை பரிசு கொடுக்கும். முன்னால் போன கால்தடத்தைப் பார்த்து நடக்காதீர்கள். பத்துப் பேர் பத்திரமாகக் கடந்த பாளத்தைப் பதினோராவது ஆள் உடைத்திருக்கிறான். அடியில் பனி மெல்லியதாக இருக்கிற இடத்தில் அவன் கால் பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் நாலு பேரில் யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் நாலு பேரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இதை ஊட்டியிலேயே டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள். மலை மேலே, குளிரில், உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று அதைப் பேச முடியாது.

டிசம்பர் 16

திசை மாறிப் போகிறது, பரவாயில்லை. ஊட்டிப் பூங்காவில் மலர்ச்செடிகளை உறைபனியிலிருந்து காக்கக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுகிறார்களே, அது போலப் பனி கூடாரத்தைச் சூடாக வைக்குமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மூடி, தரையின் சூட்டை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது, அதனால் செடி தப்பிக்கிறது. பனியும் நல்ல மூடிதான். அதனால்தான் அடியில் தரை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கிறது, எட்டாம் தேதி எழுதிய சர்க்கரைப் பனி உருவாவதும் அதனால்தான். ஆனால் கூடாரத்தை மூட விடாதீர்கள் தம்பி. கூரை அழுந்தும், உள்ளே காற்றோட்டம் நிற்கும், அடுப்பு வேறு பற்ற வைத்தால் உயிருக்கே ஆபத்து. இரவில் எழுந்து தட்டிவிட வேண்டும்.

டிசம்பர் 20

கேள்வி கேட்டவர் ஏஜென்சியிடம் பேசியிருக்கிறார். "எல்லாம் சேஃப்" என்ற பதில்தான் வந்ததாம். கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "ஆபத்தா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: கனத்த பனி விழுந்தால் மாற்றுப் பாதை எது? கடைசியாக எந்த மாதம் உச்சிக்குப் போகாமல் குழுவைத் திருப்பினீர்கள், எதற்காக? முகாம் போடுகிற இடத்துக்கு மேலே என்ன சரிவு இருக்கிறது? ஒரு நாள் காத்திருக்க வேண்டி வந்தால் சாப்பாடு இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற தலைவரோடு தைரியமாகப் போகலாம்.

பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ நிறுவனம் குளிர்காலத்தில் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. முன்பு மணாலியில் சாசே என்று இருந்த ஆய்வு நிறுவனம்தான் இப்போது அதில் சேர்ந்திருக்கிறது. நீங்கள் போகிற உத்தர்காசி மாவட்டத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே தினமும் பாருங்கள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் போடுவார்கள், உங்கள் சரிவுக்கு என்று தனியாக இருக்காது. அதனால் பச்சையைப் பார்த்து அசந்துவிட வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் மறுபேச்சு இல்லை, தங்கிவிடுங்கள்.

பயிற்சி இருக்கிறவர்களையும் மலை விடுவதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று அதே உத்தர்காசி மாவட்டத்தில் திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும் பனிச்சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர். நாம் குளிர்காலம் என்றே சொல்லாத மாதம்.

ஜனவரி 9, 2026

திட்டத்தை மாற்றிவிட்டோம் என்று செய்தி வந்திருக்கிறது. ஹர் கி தூன் இந்த முறை இல்லை. அந்த மூன்று நாளில் இரண்டைக் கேதார்கந்தாவுக்கே காத்திருப்பு நாளாக வைத்துக்கொள்கிறார்களாம். படித்ததும் மனசு லேசானது. ஹர் கி தூனை மே, ஜூனில் போய்ப் பாருங்கள், பூவும் இருக்கும்.

நாலு பேரும் தேயிலைத் தோட்டத்தில் சாய்வு அளந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். 34 டிகிரி என்று காட்டுகிற படத்தில் தடியின் அடியில் செடி மாட்டியிருக்கிறது, தடி தரையில் படியவில்லை. அதை மட்டும் திரும்ப அளங்கள்.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பீக்கன்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய மாடலாக இருந்தாலும் 457-தான், ஒன்றோடு ஒன்று பேசும். பேட்டரியைப் புதிதாக மாற்றுங்கள், அல்கலைன் மட்டும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீதி எவ்வளவு இருக்கிறது என்று கருவி காட்டுவது தப்பாகிவிடும். வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.